பாதியில் நிற்கும் விளையாட்டுகள்

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். போன கிழமை நீ அனுப்பிய செய்தியில் ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை: "ஒரு கேமைக்கூட முடிக்கத் தெரியாதவன் டிகிரியை எப்படி முடிப்பேன் மாமா?" ஃபோனில் கதைத்தால் நாங்கள் இருவரும் வேறு கதைக்குத் தாவிவிடுவோம். அதனால்தான் இந்தக் கடிதம். ஒரே இருப்பில் வாசித்து முடிக்க வேண்டும் என்றில்லை, விட்டுவிட்டு வாசி.

முதலில் உன் கேள்விக்குப் பதில். பாதியில் நிற்கும் கேம்களை வைத்து உன் குணத்தை அளக்காதே. நீ விட்டுவிட்டதாகச் சொன்ன 'விட்சர் 3' 2015இல் வந்தது. பிரதான கதையை மட்டும் முடிக்கவே ஏறத்தாழ 50 மணித்தியாலம் வேண்டும். பக்கக் கதைகளையும் சேர்த்தால் அது இரட்டிப்பாகும். ஸ்டீம் தளத்தில் அதன் சாதனைப் பட்டியலைத் திறந்து பார்: கதையின் முடிவைக் கண்டவர்கள் சிறுபான்மையினர்தான். பெரிய கேம்கள் அனேகமானவற்றின் நிலையும் அதுவே. மற்றவர்களும் பாதியில் விடுகிறார்கள், விட்டதை மறந்து தங்கள் அலுவலைப் பார்க்கிறார்கள். நீ மட்டும்தான் ஒவ்வொன்றையும் கணக்கில் எழுதிவைத்து உன்னை நீயே தண்டிக்கிறாய்.

உனக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உன் ஏடிஎச்டி. ஏடிஎச்டி உள்ளவர்களிடம் கவனம் இல்லை என்று சொல்வது சரியல்ல. அந்தக் கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் கடினம். புதியதும் சவாலானதும் உடனே பலன் தருவதும் உன்னை விடியும்வரை இருத்தி வைக்கும். மூளையில் ஊக்கத்தையும் வெகுமதியையும் கையாளும் டோபமின் பாதை ஏடிஎச்டி உள்ளவர்களிடம் வேறுவிதமாக இயங்குவதை நோரா வொல்கோவின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கேமின் நடுப்பகுதிக்கு வந்ததும் புது நிலமும் புது ஆயுதமும் குறைந்துவிடும். ஒரே மாதிரிச் சண்டை, ஒரே மாதிரி ஏவல் வேலை. உன் கை அடுத்த கேமைத் தேடும் இடம் அதுதான். ஸ்டீமின் தள்ளுபடியும் கேம் பாஸ் சந்தாவும் எந்த நேரமும் புதியதொன்றை எட்டும் தூரத்தில் வைத்திருக்கின்றன. மூன்று கிழமை கழித்துப் பழைய கேமுக்குத் திரும்பினால் எந்தப் பொத்தான் எதற்கு, யாரைத் தேடிப் புறப்பட்டோம் என்பதெல்லாம் மறந்திருக்கும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாய், அதே நடுப்பகுதியில் நிற்பாய். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

கேம் விளையாடித்தான் இப்படி ஆனாய் என்று உன் அம்மா சொல்வதும் எனக்குத் தெரியும். ஆனால் லண்டன் மருத்துவர் ஜோர்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியது 1902இல். அப்போது வீடியோ கேமே கிடையாது. அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகப் பார்த்தார். மருத்துவம் அந்தப் பார்வையைக் கைவிட்டு நெடுங்காலமாகிவிட்டது. எங்கள் வீடுகளில்தான் "குழப்படிகாரன்", "அக்கறையில்லாதவன்", "ஆரம்பசூரன்" என்று இன்னமும் குணத்தின் மேலேயே பழி விழுகிறது. இங்கே விசேட கல்வி வகுப்புகளில் படிப்பித்த காலத்தில் அந்தச் சொற்களைத் தாங்களே நம்பிவிட்ட தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களை மிகவும் பாதித்தது அந்த நம்பிக்கைதான். நீ அதை நம்பக்கூடாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு கேமை விடுவதென்றால் நீயே தீர்மானித்து விடு. "இது எனக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுக் கேமை அழித்துவிடு. தானாக நழுவிப்போனவைதான் மனதில் பாரமாகக் கிடக்கும். நீ முடிவெடுத்து மூடியவை கிடக்காது. முடிப்பதற்கென்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள். மற்றவற்றைக் கணினியிலிருந்து எடுத்துவிடு, பிறகு தேவையென்றால் திரும்பப் போடலாம்.

ஒவ்வொரு முறையும் எழும்புவதற்கு முன் இரண்டு வரி குறித்துவை: எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும். திரும்பி வரும் நாளில் உன் நினைவு செய்ய வேண்டிய வேலையை அந்தக் குறிப்பு செய்துவிடும். பக்க வேலைகளைத் தாண்டிப் போ. கடினத்தைக் குறைத்து விளையாடு. கேமைச் செய்தவர்களே அந்த வசதியை வைத்திருக்கும்போது அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிஸ்கோர்டில் ஒரு நண்பனை உடன் வைத்துக்கொள். பக்கத்தில் ஒருவர் இருந்தாலே வேலை ஓடும் ஆட்கள் நாங்கள் கன பேர். ரொறன்ரோ பொது நூலகம் கேம்களையும் இரவல் தருகிறது. திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்று முன்னால் நின்றால் உன் மூளை விழித்துக்கொள்ளும், விலைக்கு வாங்கியதற்கு அப்படி ஒரு நாள் இல்லை. நித்திரையை மட்டும் விட்டுக்கொடுக்காதே. நித்திரை குறைந்த மறுநாள் உன் கவனம் இன்னும் சிதறும்.

சின்னதிலிருந்து தொடங்கு. 'வெண்பா' என்ற கேமைச் செய்தது இதே ரொறன்ரோவில் இருக்கும் விசை கேம்ஸ், வந்தது 2023இல். 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த வெண்பா, பாவலன் என்ற தம்பதியும் இங்கே வளரும் அவர்களின் மகன் கவினும்தான் கதை. வெண்பாவுடைய அம்மாவின் கிழிந்துபோன சமையல் புத்தகத்தில் விடுபட்டதை ஊகித்து இட்டலியும் புட்டும் அவித்தெடுக்க வேண்டும். பிழைத்தால் தண்டனை இல்லை, திரும்பச் செய்யலாம். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அந்தச் சின்ன கேம்தான் 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. நீளமானதை முடித்தால்தான் முடித்ததாகக் கணக்கு என்ற எண்ணத்தை அது கலைத்துவிடும். ஒரு மாலையில் தொடங்கி அதே மாலையில் முடித்துப் பார். ஒன்றை முழுமையாக முடிக்கும்போது வரும் மனநிறைவை நீ கன காலமாக அனுபவிக்கவில்லை.

இப்போது படிப்பு. கேமை விட்டதால் படிப்பையும் விடுவாய் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இரண்டிலும் நடுப்பகுதிதான் உன்னைச் சோதிக்கும், ஆகவே மேலே சொன்ன வழிகள் இரண்டுக்கும் பொருந்தும். ஒப்படையைத் துண்டு துண்டாக்கு. எழும்பும்போது இரண்டு வரி எழுது. நூலகத்தில் ஒருவரோடு இருந்து படி. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் அக்சஸபிலிற்றி சேவைப் பிரிவு இருக்கிறது. டொக்டரின் பத்திரத்தோடு பதிவு செய்தால் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் போன்ற உதவிகளைக் கேட்கலாம். அதைச் சலுகை என்று நினைத்துக் கூச்சப்படாதே. கண்ணாடி போட்டுப் படிப்பவர் யாரும் கூச்சப்படுவதில்லை. மருந்து வேண்டுமா என்பதை நானோ யூடியூப்போ சொல்ல முடியாது. அதை உன் குடும்ப டொக்டரிடம் கேள், உன் நித்திரையையும் பசியையும் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்காதே. இந்தக் கிழமை இரண்டு போதும்: விடப்போகும் கேம்களைத் தீர்மானித்து அழி, டொக்டரிடம் நாள் கேள். நாள் கிடைத்ததும் எனக்கு எழுது, உன்னோடு நானும் வருகிறேன். அம்மாவிடம் நான் கதைக்கிறேன், அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

அன்புடன்,
மாமா