மழைக்காலமும் செம்மறிகளின் நீலநாக்கு நோயும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகள் மூழ்கிவிடும். தை பிறந்து வெயில் ஏறும் வரை அங்கே கூலி வேலை கிடையாது. பெருமுக்கல் முதல் கடற்கரை வரையுள்ள சிற்றூர்களில் இந்த மூன்று மாதங்களைத் தள்ளுவதற்குப் பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது வீட்டோரம் கட்டியிருக்கும் பத்து, இருபது செம்மறிகளே. தீபாவளிக்கு இரண்டு, பொங்கலுக்கு இரண்டு என்று விற்றுத்தான் அரிசியும் மளிகையும் வாங்க வேண்டியிருக்கிறது. அதே மூன்று மாதங்களில்தான் நீலநாக்கு நோயும் வருகிறது என்பதால், இந்நோயைப் பற்றி மழைக்கு முன்னரே தெரிந்துகொள்வது ஆடு வளர்ப்போருக்கு மிகவும் அவசியமாகும்.

நீலநாக்கு நோய் ஒரு நச்சுயிரியால் உண்டாவது. ஆட்டுக்கு ஆடு மூச்சாலோ, தொடுவதாலோ, ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பதாலோ இது பரவுவதில்லை. குலிகாய்டிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த, இரத்தம் உறிஞ்சும் பொடி ஈக்களே இதைச் சுமந்து செல்கின்றன. இந்த ஈ கொசுவைவிட மிகச் சிறியது. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கும். காதோரத்திலும் மூக்கோரத்திலும் தூசி ஒட்டியது போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் இதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. மாட்டின் மேல் மொய்க்கும் பெரிய ஈயை விரட்டுபவர்கள்கூட இதை விட்டுவிடுவார்கள்.

நோய் வந்த வழி

உலகில் இந்நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்டது தென்னாப்பிரிக்காவில். அங்கே ஐரோப்பியர் மெரினோ ஆடுகளைக் கொண்டுபோய் வளர்க்கத் தொடங்கிய பின்னரே இது பெரிதாகத் தலைகாட்டியது. பொடி ஈக்களே இதைப் பரப்புகின்றன என்பதை அந்நாட்டு அறிஞர் டு டாய்ட் 1944-இல் நிறுவினார். இந்தியாவில் 1964-இல் மகாராஷ்டிரத்தில் இந்நோய் பதிவாயிற்று. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் 1997-98-இல் ஏற்பட்ட கடும் தாக்குதலை ஆடு வளர்ப்போர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சீமை ஆடுகளுக்கும் கலப்பின ஆடுகளுக்கும்தான் இந்நோய் கொடியது, நாட்டு ஆடுகள் தாங்கிக்கொள்ளும் என்று பிற இடங்களில் சொல்வதுண்டு. தென்னிந்தியாவில் அந்த விதி செல்லாது. இங்கே நம்முடைய நாட்டுச் செம்மறிகளே நோயுற்று மடிகின்றன. ஆகவே விழுப்புரம், செங்கல்பட்டு வட்டாரங்களில் காணப்படும் சென்னைச் சிவப்பு ஆட்டை வைத்திருப்பவர்களும் கவலையில்லாமல் இருந்துவிட முடியாது.

இது வெப்ப நாடுகளுக்கு மட்டுமே உரிய நோய் என்றும் கருத வேண்டாம். 2006-இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளில் நுழைந்தது. 2023-இல் வேறொரு வகை நச்சுயிரி நெதர்லாந்தில் மீண்டும் வந்து ஏராளமான ஆடுகளைக் கொன்றது. ஆயினும் அங்கெல்லாம் பனிக்காலம் வந்தால் ஈக்களின் நடமாட்டம் வெகுவாக அடங்கிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆண்டு முழுவதும் ஈ இருக்கிறது. மழையில் பெருகுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஈ வளரும் இடம்

கழுவெளி நீர்ப்பரப்பும், பக்கிங்காம் கால்வாயும், உப்பங்கழியும் சூழ்ந்த வட்டாரமாதலால், ஈயெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று கைவிட்டுவிடத் தோன்றும். இது சரியன்று. நோய் பரப்பும் ஈக்களில் பல இனங்கள் சாணமும் சிறுநீரும் கலந்த ஈரச் சேற்றிலும், நனைந்த சாணத்திலும், நெல் வயலின் சேற்று ஓரங்களிலும் முட்டையிடுகின்றன. அதாவது ஈயின் தொட்டில் பெரும்பாலும் பட்டியின் வாசலிலேயே இருக்கிறது. ஈக்கள் தாமாகப் பறந்து செல்வது பெரும்பாலும் சில நூறு மீட்டர் தூரமே. காற்று அடித்துக்கொண்டு போனால் பல கிலோமீட்டர் போகும் என்பது உண்மைதான். புயலையும் காற்றையும் நம்மால் தடுக்க இயலாது. தண்ணீர்த் தொட்டி வழிந்து தேங்கும் ஒரு முழம் சேற்றைத் தடுக்கலாமே!

2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழைக்குப் பின் வாரக்கணக்கில் பட்டிகள் சேறாகவே கிடக்கும். தண்ணீர் வடியத் தொடங்கி, சேறு இளகி, வெயில் லேசாக எட்டிப் பார்க்கும் அந்த நாட்களே ஈ பெருகுவதற்கு ஏற்றவை. மழை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் விழிப்பு வேண்டும்.

அறிகுறிகள்

நோய்க்கிருமி சுமந்த ஈ கடித்து ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு நாட்களில் காய்ச்சல் காணும். வெப்பம் 105, 106 டிகிரிக்கு மேலும் ஏறும். ஆடு மேயாது, தலை தொங்கி நிற்கும். முதலில் மூக்கில் நீர் போல ஒழுகி, பின்பு கட்டியாகிக் காய்ந்து மூக்குத் துளையை அடைத்துவிடும். உதடு, முகம், காது, தாடைக்குக் கீழ்ப்பகுதி ஆகியவை வீங்கும். வாயினுள் ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் சிவந்து புண்ணாகும், எச்சில் வடியும். நாக்கு வீங்கிச் சில ஆடுகளுக்கு நீலம் பாரிக்கும். நோயின் பெயரை வைத்துக்கொண்டு எல்லா ஆட்டுக்கும் நாக்கு நீலமாகும் என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான ஆடுகளில் அது காணப்படுவதேயில்லை.

குளம்பைப் பார்ப்பது நல்லது. குளம்பும் தோலும் சேருமிடத்தில் செந்நிறக் கோடு ஓடியிருக்கும். ஆடு நொண்டும், சில ஆடுகள் முழங்காலிட்டே நகரும். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வதும், சினை ஆடுகள் கன்று வீசுவதும் உண்டு. பிழைத்த ஆடுகளும் உடல் தேற மாதக் கணக்காகும்.

கோமாரி, ஆட்டுக்கொல்லி, அம்மை ஆகியவற்றோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். கோமாரி என்றால் மாடுகளுக்கும் வாயிலும் காலிலும் புண் காணும். ஆட்டுக்கொல்லி நோயில் கடும் கழிச்சல் இருக்கும், வெள்ளாடுகளும் வீழும். அம்மையில் மயிரில்லாத தோலில் கொப்புளங்கள் தெரியும். நீலநாக்கு நோயிலோ, ஒரே பட்டியில் செம்மறிகள் முகம் வீங்கி நொண்டிக்கொண்டிருக்க, பக்கத்திலுள்ள வெள்ளாடும் மாடும் பெரும்பாலும் நன்றாகவே மேய்ந்துகொண்டிருக்கும். இருப்பினும் கண்ணால் பார்த்து முடிவு கட்டுவது ஐயத்துக்கு இடமானது. காய்ச்சல் இருக்கும்போதே கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

மாடும் வெள்ளாடும் நோயுறவில்லை என்பதால் அவற்றுக்குத் தொடர்பில்லை என்று கருதிவிடக் கூடாது. மாட்டின் இரத்தத்தில் நச்சுயிரி வாரக்கணக்கில் தங்கியிருக்கும். மாட்டைக் கடித்த ஈ பின்னர் செம்மறியைக் கடிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஆட்டுப் பட்டியைச் சுற்றி மாடுகளை நிறுத்தி, ஈக்களை மாட்டின் பக்கம் இழுத்த பழக்கம் முன்பு இருந்தது. பரந்த மேய்ச்சல் நிலத்தில் அது ஓரளவு பயன்பட்டிருக்கலாம். இரண்டு சென்ட் மனையில் பசுவும் ஆடும் ஒரே கொட்டகையில் நிற்கும் நம் ஊருக்கு அந்த யோசனை உதவாது. இங்கே மாட்டைத் தள்ளிக் கட்டுவதே நல்லது.

நோயுற்ற ஆட்டைப் பேணல்

இந்த நச்சுயிரியைக் கொல்லும் மருந்து கிடையாது. நல்ல கவனிப்பே பாதி மருந்து. நோயுற்ற ஆட்டை வெயிலில் விடக்கூடாது. வெயில் பட்டால் முகப்புண் மோசமாகும். இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரால் வாயைக் கழுவி, போரிக் கிளிசரின் தடவலாம். கேழ்வரகுக் கஞ்சி, அரிசிக் கஞ்சி, இளம் அகத்திக் கீரை போன்ற மென்மையான தீனியை வாயருகே வைத்து ஆடே உண்ணும்படி விட வேண்டும். மூங்கில் கொட்டத்தாலோ பாட்டிலாலோ புகட்டுவது பெருந்தவறு. நாக்கும் தொண்டையும் வீங்கிய ஆடு விழுங்க முடியாமல் கஞ்சி நுரையீரலுக்குள் போய், நோயில் பிழைக்க வேண்டிய ஆடு கபவாதத்தில் செத்துப்போகும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எப்போது, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நோயுற்ற ஆட்டைப் பிரித்துக் கட்டினால் போதுமா? போதாது. பிரித்துக் கட்டிய இடத்திலும் ஈ வந்து கடிக்கும். கடித்த ஈயினுள் நச்சுயிரி பெருகி ஏறத்தாழ பத்து நாளில் அது அடுத்த ஆட்டுக்கு நோய் கொடுக்கத் தயாராகிவிடும். ஆகவே நோயுற்ற ஆட்டை ஈ கடிக்காமல் காப்பதே மற்ற ஆடுகளைக் காக்கும் வழி. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் இந்த ஈ நுழைந்துவிடும். மெல்லிய கண்ணுள்ள துணியையோ, பழைய வாயில் புடவையையோ நாலு பக்கமும் கட்டலாம். ஈ தயாராக எடுக்கும் நாளையும், கடித்தபின் காய்ச்சல் காண எடுக்கும் நாளையும் கூட்டிப் பார்த்தால், முதல் ஆடு வீழ்ந்து இரண்டு வாரம் கழித்தே அதிலிருந்து கிளம்பிய அடுத்த அலை தெரியும். முன்பே வேறு ஈக்கள் நோய் சுமந்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகலாம். என்றாலும் அந்த இரண்டு வாரத்தை வீணாக்காமல் பட்டியைச் சீர்செய்துவிட வேண்டும்.

பட்டியைச் சீர்செய்தல்

பட்டித் தரையை ஒரு முழமாவது உயர்த்தி, கிராவலோ கல் தூளோ கொட்டிச் சரிவாக அமைத்தால் நீர் நிற்காது. வசதியுள்ளோர் இப்பகுதியில் எளிதாகக் கிடைக்கும் சவுக்குக் கழிகளால் பரண் கட்டி, மேலே பனை ஓலை வேயலாம். சாணத்தைத் தினமும் வாரி, பட்டியிலிருந்து இயன்றவரை தள்ளிக் குவித்துப் பழைய பாலித்தீன் தாளால் மூடினால் மழையில் நனையாது, எருவின் சத்தும் போகாது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

இந்த ஈக்கள் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்திலும் விடியலிலும் கடிக்கின்றன. எனவே மழை மாதங்களில் பொழுது இறங்குமுன் ஆடுகளைப் பட்டியில் சேர்த்து, விடிந்து வெயில் ஏறியபின் ஓட்டிப்போவது நல்லது. வயலில் கிடை போடுபவர்கள் ஈர வயலைத் தவிர்த்து மேட்டுப் புஞ்சையில் போட வேண்டும். பட்டிக்குள் இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் ஈ வந்து கூடும். வேப்பிலை, நொச்சி இலைப் புகை மூட்டம் நல்ல பழக்கமே. ஆனால் புகை இருக்கும் வரைதான் பயன். மூச்சுத் திணறும் ஆட்டின் முகத்தருகே மூட்டக் கூடாது.

ஆட்டின் மேல் தெளிக்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்த வேண்டும். பயிருக்கு வாங்கிய பூச்சி மருந்தை ஆட்டுக்குத் தெளிக்கவே கூடாது. மீந்த கரைசலைக் குட்டையிலும் வாய்க்காலிலும் கொட்டினால் மீனும் இறாலும் செத்து மிதக்கும். கழியை நம்பிப் பிழைக்கும் பக்கத்து வீட்டாரின் பிழைப்பில் அது மண்ணைப் போடும்.

செஞ்சிச் சந்தையிலோ வேறு சந்தையிலோ மழைக்காலத்தில் ஆடு வாங்கி வந்தால், மூன்று வாரமாவது தனியே ஈ அண்டாத இடத்தில் வைத்திருப்பது நலம்.

தடுப்பூசி

உலகில் இந்த நச்சுயிரி 24-க்கும் மேற்பட்ட வகைகளாகக் காணப்படுகிறது. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு மற்றொன்றைத் தடுப்பதில்லை என்பதே இத்தனை காலம் தடுப்பூசி செய்வதில் இருந்த சங்கடம். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கூட்டுத் திட்டத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பங்கேற்று, இந்நாட்டில் முக்கியமாகக் காணும் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளையும் சேர்த்துச் செயலிழக்கச் செய்த தடுப்பூசி உருவாக்கப்பட்டது. ஆடியிலிருந்து புரட்டாசி தொடக்கத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஊசி போட்டு எதிர்ப்பு உண்டாக வாரங்கள் ஆகுமாதலால், பக்கத்துத் தெருவில் ஆடு செத்தபின் ஓடுவதால் பயனில்லை. ஆட்டுக்கு எத்தனை முறை, எந்த வயதில், சினை ஆடுகளுக்கு எப்போது என்பதை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். ஊசிக்கு முன் குடற்புழு நீக்கம் செய்வது நல்லது.

இதில் சிறு வளர்ப்போருக்கு உள்ள தொல்லை வேறு. ஒரு குப்பியில் பல ஆடுகளுக்கு உரிய மருந்து இருக்கும். திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். எட்டு ஆடு வைத்திருப்பவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீண். ஒரு தெருவில் உள்ள ஆடுகளையெல்லாம் கணக்கெடுத்து, ஊராட்சியின் மூலம் கால்நடை மருந்தகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒரே நாளில் முகாம் வைக்கச் செய்யலாம். எழுதிக் கொடுப்பதை ஆனி மாதத்திலேயே செய்தால்தான் ஆடியில் மருந்து வந்து சேரும்.