தாத்தாவின் புல்லட் கற்பித்த பாடம்

மோட்டார் சைக்கிள் இயந்திரம் என்றதும், அது ஆண்பிள்ளைகளின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். தையல் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விடும் கைகளுக்கு இது மட்டும் முடியாததா என்ன? சென்ற கோடை விடுமுறையில், மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் தாத்தா வீட்டில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

மாட்டுக்கொட்டகையில் தாத்தாவின் பழைய புல்லட் பத்தாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் அதற்கு எடைக்கு விலை பேசினார். அப்பாவும் சம்மதித்துவிட்டார். "ஒரு மாசம் பொறுப்பா, ஓடலைன்னா கொடுத்துடலாம்" என்றார் தாத்தா. அந்த ஒரு மாதமும் அவருக்கு உதவியாள் நானே.

புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1955-ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் இவ்வண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. ஆனால் 1977 முதல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! பல ஆண்டுகள் அமைப்பு பெரிதும் மாறாததால், பழைய வண்டிக்கும் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன.

இதன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்ற நான்கு வேலைகளும் அந்தச் சிறிய அறைக்குள்தான் நடக்கின்றன.

எங்கள் வண்டியில் துருவினால் பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாக டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தோம். பிறகுதான் கிக்கர் அசைந்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் இட்டு, பெயர் எழுதி வைத்தேன். சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகள் இருந்தன. மதுரையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, அரை மில்லிமீட்டர் அகலமாகப் போரிங் செய்து, அதற்கேற்ற புதிய பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கினோம். கன அளவு இப்போது 351! வால்வுகளை அரைக்கும் பசை தடவித் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகாததைச் சோதித்தோம்.

பிஸ்டனைப் பொருத்தும்போதுதான் சோதனை வந்தது. பிஸ்டன் பின் நழுவாதிருக்க இருபுறமும் 'சர்க்கிளிப்' என்னும் சிறு கம்பி வளையம் மாட்ட வேண்டும். அதற்குமுன் கீழே உள்ள கிராங்க் பெட்டியின் வாயைத் துணியால் அடைக்கச் சொல்லியிருந்தார் தாத்தா. "இரண்டு நிமிட வேலைதானே" என்று நான் அடைக்கவில்லை. வளையம் குறட்டிலிருந்து துள்ளி உள்ளே விழுந்துவிட்டது.

தாத்தா உறங்கிக்கொண்டிருந்தார். கழற்றிய பழைய வளையம் டப்பாவில் இருந்தது. அதை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே விழுந்தது சுழலும் சக்கரங்களுக்கிடையே சிக்கினால் இயந்திரமே உடையும். எங்கள் உழைப்பும் தாத்தாவின் ஒரு மாதத் தவணையும் வீணாகும். தினமும் இரவில் ஆன்ம சோதனை செய்யக் கற்ற எனக்கு அன்று மாலைவரை பொறுக்க முடியவில்லை. அவரை எழுப்பிச் சொன்னேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. சிறு காந்தத்தை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். அரைமணி நேரத்துக்குப் பின் வளையம் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. "சொன்னியே தாயி, அது போதும்" என்றவர், என் கையில் முதலில் துணியைக் கொடுத்தார். பிறகுதான் குறட்டைக் கொடுத்தார்.

இருபத்தெட்டாம் நாள், பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்து, புதிய எண்ணெய் ஊற்றி, தாத்தா கிக்கரை உதைத்தார். ஏழாவது உதையில் இயந்திரம் உயிர்பெற்றது! அப்பா தாத்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரை வரை மெதுவாகப் போய்வந்தார். புதிய பிஸ்டன் பழகும்வரை வேகம் கூடாதல்லவா? வண்டி இப்போது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

தோழியரே, அதை ஓட்ட எனக்கு இன்னும் வயதாகவில்லை. ஆயினும் அதன் உள்ளே இருப்பதை அறிவேன். மறைத்து வைத்த சிறு தவறு ஒரு நாள் பெரிதாக உடைக்கும் என்பதையும் அறிவேன். பொறுமையோடும் உண்மையோடும் செய்யும் எவ்வேலையும் நமக்கு உரிய வேலையே!