இரண்டு விரல் போனவருக்கு இ.எஸ்.ஐ. என்ன தரும்?

கேள்வி: என் கணவர் கோவையில் ஒரு பம்ப்செட் உதிரிபாகக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். ஆகஸ்ட் மாதம் மெஷினில் சிக்கி வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. “வீட்டில் அடிபட்டதாகச் சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார் சூப்பர்வைசர். கையில் வாங்குவது 18,000 ரூபாய். சம்பளச் சீட்டில் இருப்பது 12,000. இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். எங்களுக்கு என்ன கிடைக்கும்? மறுபடி வேலைக்குப் போனால் அது நின்றுவிடுமா?
— வாசகி, கோவை

பதில்: சகோதரி, சூப்பர்வைசர் சொன்னதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டில் அடிபட்டது என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது நோய்க்கால விடுப்பாகிவிடும். சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள்; அத்தோடு முடிந்தது. வேலையில் ஏற்பட்ட விபத்து என்று பதிவானால் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம், காயம் ஆறி வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதும் வரை வரும். ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

இது தற்காலிக ஊன உதவித்தொகை. இதை வாங்கும் நாளில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கை ஆறியதும் நிரந்தர ஊன உதவித்தொகைக்காக மெடிக்கல் போர்டுக்கு விண்ணப்பியுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சட்டத்திலேயே அதற்கு ஓர் அட்டவணை உண்டு: கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50, இரண்டு விரல்கள் முழுதாகப் போனால் 20. உங்கள் கணவருக்குப் பொருந்துவது கடைசியில் சொன்னது.

இனிதான் உங்கள் சம்பளச் சீட்டு விஷயம். ஜூலை முதல் டிசம்பருக்குள் விபத்து நடந்தால், அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை கம்பெனி கணக்குக் காட்டிய சம்பளத்தை, காட்டிய நாட்களால் வகுப்பார்கள். 150 நாள் என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் சம்பளமான 18,000 பதிவாகியிருந்தால் ஆறு மாதத்துக்கு 1,08,000. தினக்கூலி 720, அதில் 90 சதவீதம் 648 ரூபாய். 12,000 என்று பதிவாகியிருந்தால் அதே கணக்கு 432 ரூபாயில் நின்றுவிடும். நிரந்தர ஊனத்துக்கு இதில் 20 சதவீதம். ஒரு பக்கம் நாளுக்கு 129 ரூபாய் 60 காசு, மறுபக்கம் 86 ரூபாய் 40 காசு. மாதம் ஏறத்தாழ 1,300 ரூபாய் குறைகிறது. ஆயுள் முழுக்கக் குறைகிறது. சந்தாவில் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். அதை மிச்சம் பிடிக்க மேசைக்கு அடியில் சம்பளம் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இப்படி விரல் போன பிறகுதான் தெரிகிறது. கையில் வாங்கிய 6,000 ரூபாயும் சம்பளம்தான். வங்கிக் கணக்கு வரவு, குறிப்பு நோட்டு, உடன் வேலை செய்பவர்களின் வாக்குமூலம் என எது இருந்தாலும் சேர்த்து இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வேலைக்குத் திரும்பினால் நிற்குமா என்று கேட்டீர்கள். நிற்காது. முழுச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும், வேறு ஊருக்குப் போனாலும், ஓய்வு பெற்றாலும் நிரந்தர ஊனத்துக்கான தொகை உயிருள்ளவரை வங்கிக் கணக்குக்கு வரும். விலைவாசியை ஒட்டி அவ்வப்போது உயர்த்துவதும் உண்டு. உயிரோடு இருப்பதற்கான சான்றிதழைத் தவறாமல் கொடுத்துவர வேண்டும். இந்த உரிமையைத் தெரியாமல் விட்டுவிட்டவர்கள் ஏராளம். தமிழகத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955இல் முதலில் தொடங்கியது உங்கள் கோவையில்தான். அங்கேயும் இதுதான் நிலைமை என்பது வேதனை.

போர்டு குறைத்துப் போட்டதாக நினைத்தால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். இ.எஸ்.ஐ. இருப்பதால் முதலாளி மீது தனியாகத் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. எனவே இந்த ஒரு வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விபத்து அறிக்கை அனுப்ப வேண்டியது கம்பெனி. அவர்கள் இழுத்தடித்தால் காத்திருக்காதீர்கள். நாள், நேரம், மெஷின், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி, உங்கள் கணவரே கையெழுத்துப் போட்டு (இடது கைப் பெருவிரல் ரேகையும் போதும்) இ.எஸ்.ஐ. கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். இன்னொரு நகலைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முதலில் சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘மெஷினில் அடிபட்டது’ என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.