நூலகங்களின் வளப் பகிர்வு

கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் அறிவியல் துறைகளுள் விலங்கியல், தாவரவியல், நிலவியல் முதலியவை பாலிகஞ்ச் வளாகத்திலும், வேதியியல் முதலியவை ராஜாபஜார் வளாகத்திலும் இயங்குகின்றன. பாலிகஞ்ச் மாணவர் நாடும் ஆய்விதழ் நகரின் வேறொரு நூலகத்தில் இருக்கலாம். இருப்பதை அறிய வழியில்லையெனில், அவருக்கு அது இல்லாததற்கே ஒப்பாகும். அதே இதழைப் பல நூலகங்கள் அயல்நாட்டிலிருந்து தனித்தனியே தருவித்தால் அந்நியச் செலாவணியும் விரயமாகும்.

இக்குறையைக் களையும் பொருட்டு, மத்திய அரசின் நிஸ்ஸாட் திட்ட ஆதரவில் கேலிப்நெட் எனும் கல்கத்தா நூலக வலையமைப்பு 1993இல் நிறுவப்பட்டது. தில்லியில் டெல்நெட் 1988இலேயே தொடங்கியிருந்தது. உறுப்பு நூலகங்களின் இருப்பை ஒரே பட்டியலில் காட்டுவதும், ஒரு நூலகத்தில் இல்லாததை மற்றொன்றிலிருந்து இரவலாகவோ நகலாகவோ பெற்றுத் தருவதும் இத்தகைய அமைப்புகளின் பணிகளாகும்.

எனினும், கணிப்பொறியை நிறுவிய அளவிலேயே வளப் பகிர்வு கைகூடிவிடாது. ஒரே ஆசிரியரை ஒரு நூலகம் 'தாகூர்' என்றும், பிறிதொன்று வங்க வழக்கைத் தழுவி 'டாக்குர்' என்றும் பதிந்தால், கணிப்பொறி அவரை இருவராகவே கொள்ளும். சீன நூல்களைத் திரட்டிய அமெரிக்க நூலகங்கள் இவ்விடரை விரிவாகச் சந்தித்தன. சீன எழுத்துகளையே பட்டியலில் ஏற்றும் கணிப்பொறி முறை அங்கு 1983இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், ரோமன் எழுத்தில் பெயர்களைக் குறிப்பதற்கு, வேட்-கைல்ஸ் முறையினின்று சீன அரசின் பின்யின் முறைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் மாறியது 2000ஆம் ஆண்டில்தான். அதுகாறும் திரண்டிருந்த பதிவுகளை மாற்றியமைக்க நேர்ந்தது.

ஆகவே, வங்க மொழி, தமிழ் நூல்களைப் பகிர முற்படும் நூலகங்கள் கருவிகளை வாங்குமுன் பெயர்ப்பதிவு விதிகளை ஒருமுகப்படுத்துதல் சிக்கனமாகும்; பின்னர்த் திருத்துவதற்கு ஆகும் செலவு அதனினும் மிகுதி.