பலகை அடைக்கும் முன்பு

அன்புள்ள வாசகருக்கு,

சென்னையில் நான்கு மாடி கட்டுகிறீர்கள். கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்த. அடுத்த வாரம் அந்தத் தளத்துப் பில்லர்களுக்குக் கான்கிரீட். "கம்பியைத் தடிமனாகப் போட்டுவிட்டால் பூகம்பம் வந்தாலும் தாங்கும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பியின் தடிமனைவிட அந்தக் கார் நிறுத்துமிடம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. விழுந்தவற்றில் பல, கீழே வெறும் தூண்களும் மேலே செங்கல் சுவர்களுமாக நின்றவை. மேல்தளங்களைச் சுவர்கள் இறுக்கி ஒரே பெட்டியாக்கிவிடுகின்றன. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது பெட்டி அப்படியே இருக்க, ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கீழ்த்தளத் தூண்கள் வாங்கிக்கொள்கின்றன. அதே கட்ச்சில் வட்டமாகக் கட்டிய பழைய மண்வீடுகள் பல தப்பி நின்றன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பொருளின் பலம் மட்டும் போதாது, அமைப்பும் சரியாக இருக்க வேண்டும்.

அதனால் முதலில் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் அந்த ஆட்டத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர்கள் எங்கே? நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அவை இருக்க வேண்டும். ஒரே மூலையில் குவிந்திருந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். சென்னை 2002-இல் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. திறந்த கீழ்த்தளத்துக்குக் கட்டட விதி தனி ஏற்பாடு கேட்கிறது. வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் வேலையை நிறுத்திவையுங்கள். அந்தச் சுவர் அஸ்திவாரத்திலிருந்து எழும்ப வேண்டியது, பிறகு எளிதில் ஒட்டவைக்க முடியாது. செலவு ஏறும், நாளும் தள்ளிப்போகும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

இனி கம்பி. தூணின் நெட்டுக் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள். அதன் இரு முனைகளையும் செங்கோணமாக மடக்கி விட்டுவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சாதாரண நாளில் அதனால் ஒன்றும் ஆகாது. தூண் முன்னும் பின்னும் வளைந்தாடும்போதோ மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்து முனைகள் திறந்துகொள்ளும். நெட்டுக் கம்பி வெளியே பிதுங்கும். நடுவில் இருக்கும் கான்கிரீட் நொறுங்கிக் கொட்டும். முனையை 135 டிகிரிக்குக் கொக்கியாக மடக்கி, 65 மில்லிமீட்டராவது தூணின் உள்ளே போகும்படி விட்டால் ரிங் திறக்காது. தூணில் விரிசல் விழலாம், ஆனால் மாடியைத் தாங்கியபடி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி வெளியே வருவதற்கு அந்த நேரம் வேண்டும்.

தூணின் அடியிலும் தலையிலும் ரிங்குகள் நெருக்கமாக, 100 மில்லிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் இருக்க வேண்டும். பீமும் தூணும் சேரும் முடிச்சுக்குள்ளும் ரிங் வேண்டும். கைநுழையாத இடம் என்பதால் அங்கேதான் விட்டுவிடுவார்கள்.

தூண்களைச் சுற்றிப் பலகை அடைப்பதற்கு முந்தைய நாள் மாலை டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தூணையும் சுற்றி வாருங்கள். கொக்கி உள்ளே திரும்பாத ரிங்குகளைக் கம்பி கட்டுபவரிடம் காட்டி, இன்ஜினியர் முன்னிலையில் சரிசெய்யச் சொல்லுங்கள். மறுநாள் கான்கிரீட் விழுந்துவிட்டால் அந்தக் கொக்கியை நீங்களோ நானோ பார்க்க முடியாது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்