வளையும் விளக்கு

வளைதல் வலிமையின்மையின் அறிகுறி என எண்ணுவார் உளர். ஆனால், வளையாத மூங்கில் வில்லாவதில்லை. வளையாத பிரம்பு கூடையாவதில்லை. பயன்படுதற்பொருட்டு வளைவது பண்பேயன்றிக் குறையன்று. இந்நாளில் விளக்கும் வளையக் கற்றுக்கொண்டது. அங்ஙனம் வளைந்த விளக்கு, மருத்துவர்க்கு எவ்வாறு துணையாகத் தொடங்கியுள்ளது என்பதை இப்பாடத்திற் காண்போம்.

ஒளி இருளை நீக்குவது மட்டுமன்று; நோயையும் நீக்க வல்லது. தென்மார்க்கு நாட்டினராகிய நீல்சு பின்சன் என்னும் மருத்துவர், தோலைப் பற்றும் ஒருவகைக் காசநோயை ஒளியினால் தணித்து, 1903-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. இராச்சுபோர்டு என்னும் ஊரின் மருத்துவமனையில் வார்டு என்னும் செவிலியர், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளைப் பேணிவந்தார். இளவெயில் குழந்தைகட்கு நன்மை தரும் என்று கருதி, அவர்களை முற்றத்திற்குக் கொண்டுசெல்வது அவர் வழக்கம். 1956-ஆம் ஆண்டில் ஒருநாள், காமாலை கண்ட குழந்தையொன்றை அவர் மருத்துவர்க்குக் காட்டினார். அதன் உடலில் மஞ்சள் நிறம் மங்கியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் மிகுந்திருந்தது. அவ்விடம் துணியின் மூலை மூடியிருந்த இடம்! வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்தது. படாத இடத்தில் நின்றது. இவ்வுண்மையை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன் காரணம் யாது? குருதியில் பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் மிகுவதால் குழந்தைக்குக் காமாலை உண்டாகிறது. அளவு கடந்தால் அது மூளையைத் தாக்கும். நீலநிற ஒளி தோலின்மேற் படும்போது, அப்பொருள் எளிதில் வெளியேறும் வடிவத்தை அடைகிறது. ஆதலின், இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின்கீழ்க் கிடத்துகின்றனர். ஆயின், இதில் ஓர் இடர் உண்டு. குழந்தையின் கண்களைத் துணியால் மறைத்துப் பெட்டியில் தனியே கிடத்தவேண்டும். மருந்து விளக்கில் உளது. ஆறுதலோ தாயின் மடியில் உளது. இவ்விரண்டையும் ஒருங்கே தரும் வழி இல்லையா?

அவ்வழியைக் காட்டுவதே கரிம ஒளியுமிழ் கருவி. ஓ.எல்.இ.டி. என்னும் பெயரால் கைப்பேசித் திரைகளில் நாம் காண்பது இதுவே. கரிமப்பொருளால் ஆன மெல்லிய படலங்களை இரு மின்வாய்களுக்கிடையே வைத்து மின்சாரம் செலுத்தினால், படலம் ஒளிர்கிறது. தலைமயிரின் பருமனை நூறு கூறிட்டாலும், அக்கூறொன்றினும் இப்படலங்கள் மெல்லியவை. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக்கு நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங்கு, சுடீவன் வான் சிலைக்கு ஆகிய இருவரும், குறைந்த மின்னழுத்தத்தில் நன்கு ஒளிரும் இத்தகைய கருவியை உலகறியச் செய்தனர். 1992-ஆம் ஆண்டில் ஆலன் ஈகரும் அவர்தம் குழுவினரும் கண்ணாடியை விடுத்து, பிளாஸ்டிக் தாளின்மேல் இதனை அமைத்தனர். விளக்கு அன்று வளைந்தது.

வளைவதனால் விளைந்த நன்மைகளை நோக்குவோம். 2022-ஆம் ஆண்டில் தென்கொரிய நாட்டு அறிஞர்கள், துணியின்மேல் நீல ஒளி உமிழும் படலத்தை அமைத்தனர். ஆய்வுக்கூடத்தில் குருதிநீரின்மேல் அவ்வொளியைப் படச்செய்தபோது, பிலிருபின் குறையக் கண்டனர். இம்முயற்சி முழுதும் கைகூடுமாயின், குழந்தை ஒளியாடை உடுத்தித் தாயின் மடியிலேயே நோய் நீங்கப்பெறும்.

தோலிற் காணும் சிலவகைப் புற்றுக்கும் ஒளி மருந்தாகும். முதலில் நோயுற்ற இடத்தில் ஒருவகைக் களிம்பைப் பூசுவர். பின்னர்ச் செந்நிற ஒளியைப் பாய்ச்சுவர். களிம்பினின்று உண்டான பொருள், ஒளியின் தூண்டுதலால் உயிர்வளியோடு வினைபுரிந்து புற்றணுக்களை அழிக்கும். மருத்துவமனையின் வலிய விளக்கு, எரிச்சலையும் நோவையும் தரும். இசுகாட்லாந்து நாட்டு அறிஞர்கள், உடலில் அணிந்துகொள்ளத்தக்க சிறிய கரிம விளக்கொன்றை 12 நோயாளர்க்குப் பொருத்தி, அதன் பயனை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மென்மையான ஒளி நெடுநேரம் பட்டமையால் நோவு மிகக் குறைந்தது. ஓராண்டு கழித்து நோக்கியபோது, எழுவரிடத்து நோயின் அடையாளம் இல்லை. எஞ்சியோர் நிலை, செய்யவேண்டிய ஆராய்ச்சி இன்னும் உண்டு என்பதை உணர்த்துகிறது.

நோயை நீக்குவதேயன்றி, உடலின் நிலையை உணர்த்தவும் இவ்விளக்கு உதவும். உயிர்வளி நிறைந்த குருதியும் குறைந்த குருதியும் ஒளியை வெவ்வேறு அளவில் ஈர்க்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே குருதியிலுள்ள உயிர்வளியை அளக்கின்றனர். 2016-ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் சோமேயா குழுவினர், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை உமிழும் படலத்தையும் ஒளியை உணரும் படலத்தையும் அமைத்து, விரலில் ஒட்டி இவ்வளவையைச் செய்துகாட்டினர். அப்படலத்தின் பருமன் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் மூன்று கூறே ஆகும். அது தோலோடு தோலாய் ஒட்டி, தோல் சுருங்கும்போது தானும் சுருங்கிற்று.

நன்மை கூறுவோர் குறையையும் கூறுதல் கடன். நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் இப்படலங்கட்குப் பகை. சிறிது புகுந்தாலும் ஒளி மங்கும். மனிதவுடலோ வியர்வை சுரப்பது. ஆதலின், வளைவதும் நீர் புகாததுமாகிய காப்புறை இன்றியமையாதது. விளக்கின் வெப்பம் தோலைச் சுடாமலும் காத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் வென்று, பலர்பால் ஆய்ந்து தெளிந்த பின்னரே இக்கருவி எல்லார்க்கும் உரியதாகும்.

மாணவர்களே! இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. பெரிய கருவிகள் தோன்றிய காலத்தில், நோயாளர் அவற்றிற்கேற்பத் தம்மை ஒடுக்கிக்கொண்டு கிடந்தனர். இப்பொழுது கருவி, நோயாளர்க்கேற்பத் தான் வளைய முற்படுகிறது. குழந்தையின் மேனியிற் கண்ட ஒரு மஞ்சட் சுவட்டைப் புறக்கணியாது நோக்கிய செவிலியரின் பரிவே காமாலைக்குரிய ஒளி மருத்துவத்திற்கு வழிகாட்டியது. நீங்களும் கூர்ந்து நோக்குங்கள். கற்ற கல்வியைப் பிறர் துன்பம் துடைக்கும் கருவியாக்குங்கள்.