மாதம் முடியுமுன் முடிகிற டேட்டா



போன மாதம் மேல் டிவிசன் லயமொன்றுக்குப் போயிருந்தோம். இஸ்தோப்பில் இருந்த ஒரு அம்மா, "ஐயா, ரீலோட் போட்டு பத்து நாள் ஆகல, நெட்டு முடிஞ்சிருச்சி. களவெடுக்குறானுங்களோ?" என்று கேட்டார். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். அன்றைக்கு சூம் வகுப்பு. பிள்ளை பக்கத்துக் காம்பராவில் போன் இரவல் கேட்டு நின்றாள்.

களவா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். வீட்டில் ஒரு சிம் ரூட்டர், மாதம் 40 ஜிபி. யூடியூப் படம் தெளிவான 1080 தரத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபியாவது போகும். 480 தரத்தில் அரை ஜிபி அளவுதான். சின்னவன் கார்ட்டூன் 2 மணித்தியாலம், தகப்பன் 1 மணித்தியாலம், எல்லாம் 1080ல். நாளுக்கு நாலரை ஜிபி. ஒன்பதாம் நாள் 40ம் தீர்ந்தது. அக்காவின் வகுப்பை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை!

தரத்தை 'ஆட்டோ'வில் விட்டால், சிக்னல் நன்றாக இருக்கும்போது போன் தானாகவே கூடிய தரத்துக்குப் போகும். சின்னத் திரையில் நமக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, டேட்டாவுக்குத் தெரியும். சிறு பிள்ளைகள் ஒரே கார்ட்டூனைப் பத்துத் தடவை பார்த்தால் பெரும்பாலும் பத்துத் தடவையும் டேட்டா போகும். ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பும் பாடம் அப்படியல்ல. ஒருமுறை இறக்கினால் எத்தனை தடவையும் பார்க்கலாம்.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரிவதில்லை. ரூட்டரில் சேர்ந்ததும் போன் அதை 'வைஃபை' என்றுதான் பார்க்கும். வைஃபை என்றால் அளவில்லாதது என்று நினைத்து செயலிகளைப் புதுப்பிக்கும், போட்டோக்களை மேலே ஏற்றும், வட்ஸ்அப் குழுவில் வரும் வீடியோவையெல்லாம் கேளாமலே இறக்கும். அந்த வீட்டில் ஐந்து போன். பீலியைத் திறந்துவிட்டுப் பெரட்டுக்குப் போன மாதிரி! போனின் வைஃபை அமைப்பில் 'அளவிடப்படும் இணைப்பு' என்று மாற்றலாம். வட்ஸ்அப்பில் தானாக இறக்குவதையும் நிறுத்தலாம். வாலிபப் பிள்ளைகளிடம் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை.

கடைக் கணக்கு எழுதுகிற மாதிரி இதையும் எழுதுங்கள். முதலில் படிப்புக்கு எடுத்து வையுங்கள். மாதம் 12 மணி நேர வகுப்புக்கு, மணிக்கு 1 ஜிபி என்று தாராளமாக வைத்தால் 12 ஜிபி. மிச்சம் 28. நாளுக்கு 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, அதாவது 480ல் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். வீட்டிலுள்ள எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

வாங்குமுன் பக்கேஜையும் கேட்டறியுங்கள். சிலதில் பாதி டேட்டா நடுச்சாமத்துக்குப் பிறகுதான் ஓடும். விடிய எழும்பிக் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு அது என்ன பிரயோசனம்? 'அன்லிமிட்டட்' என்பதிலும் ஓரளவுக்கு மேல் வேகத்தைக் குறைப்பது உண்டு. கணக்குப் பொருந்தாவிட்டால் முதலில் கம்பனியிடம் முறையிடுங்கள். சரிவராவிட்டால் 1996இல் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கடிதம் எழுத நாம் உதவுவோம்.

அந்த வீட்டில் ரூட்டர் பாஸ்வேர்ட் இப்போது மூத்த மகளிடம் இருக்கிறது. தகப்பனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். வகுப்பில்லாத நாட்களில் அவருக்கும் திறந்து கொடுக்கிறாளாம்.